பூட்டை இழுத்துப் பார்க்கிறவன்

எங்கள் பஜாரில் யாரும் பூட்டை நம்புவதில்லை. ஷட்டரை இறக்கி, பூட்டி, பிறகு பூட்டைப் பிடித்து உடம்பையே தொங்கவிட்டுப் பார்த்தால்தான் வீட்டுக்குக் கால் நகரும். பாத்திரக்கடை வைத்திருந்த அப்பா தொங்கினார், நானும் தொங்குகிறேன். கார் சக்கரத்துக்கும் அதே மரியாதைதான். வீல் நட்டைக் கையால் முறுக்கிய பிறகு ஸ்பேனர் மேல் ஏறி நின்று இரண்டு குதி குதிப்பேன். எங்கள் பழைய காரில் இதுவரை ஒரு சக்கரமும் கழன்று ஓடியதில்லை என்பது என் பெருமை.

சனிக்கிழமை காலை, பங்க்சர் ஒட்டிய பின்சக்கரத்தை மாட்டி அப்படிக் குதித்தபோது 'டக்' என்றது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் நான்கு ஸ்டட் போல்ட்டுகளில் ஒன்று ஒடிந்து, நட்டோடு தரையில் உருண்டது.

எனக்குள் ஒரு சின்ன நிம்மதி. மறுநாள் ஊரப்பாக்கத்தில் மச்சினி சத்யபிரியா வீட்டுப் புதுமனை புகுவிழா. "நானே கார் ஓட்டிக்கிட்டு வரேன்" என்று என் மனைவி சந்திரிகா சொந்தக்காரர் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தாள். லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. செம்பாக்கம் ஏரியைத் தாண்ட நான் விட்டதில்லை. மழை, வெயில், ஜி.எஸ்.டி. ரோட்டு லாரி. வியாபாரிக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

"பாத்தியா, வண்டி நாளைக்கு ஆகாது. ஆட்டோவுல போயிடலாம்."

சந்திரிகா ஒடிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெல்லமண்டிக்காரர் மகள், சரக்கைப் பார்க்காமல் பேசமாட்டாள்.

"புதுசு போட்டா ஆகும்ல?"

"மெக்கானிக் ஊருக்குப் போயிருக்கான்."

"நாமளே போடலாம். வீடியோ பாத்துட்டேன். போய் நாலு வாங்கிட்டு வாங்க."

"ஒடிஞ்சது ஒண்ணுதான்!"

"நாலு மேலயும்தானே குதிச்சீங்க? மத்த மூணும் உங்களுக்குப் பயந்து வாயைத் தொறக்காம இருக்குது."

கிழக்குத் தாம்பரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் ஜெயவேலுவிடம் ஒரே ஒரு ஸ்டட் கேட்டேன். மாதிரிக்குக் கொண்டுபோன துண்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"வூட்ல அக்கா இன்னா சொன்னாங்க?"

"நாலு."

"அப்பறம் இன்னாத்துக்கு சார் பேஜார் பண்றே?"

பேரம் பேசாமல் ஒரு கடையிலிருந்து நான் இறங்கியது அன்றுதான்.

திரும்பி வந்தபோது முன்சக்கரங்களுக்குச் செங்கல் கொடுத்து, பின்பக்கம் வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் பிரேக் டிரம்மைக் கழற்றி வைத்திருந்தாள். நான் பழைய ஸ்டட்டுகளைச் சுத்தியலால் தட்டி வெளியேற்றினேன். அவள் புதியதைப் பின்பக்கமாகச் செருகி, முன்னால் வாஷர்களை அடுக்கி, நட்டைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள். ஸ்டட் மெல்ல ஏறி வந்தது. அதன் தலை டிரம்மில் பதிந்ததும் ஸ்பேனர் கனத்தது. நிறுத்திவிட்டாள்.

"இன்னும் ஒரு சுத்து..."

"போதும். அது உக்காந்துடுச்சி."

கழற்றிய மூன்றையும் துணியில் துடைத்தேன். ஒன்றின் அடியில் தலைமயிர் போல ஒரு விரிசல். இத்தனை நாள் இதை நம்பித்தான் குடும்பத்தோடு போய் வந்திருக்கிறேன். குதித்துக் குதித்து நான் தேடிய பாதுகாப்பு இதுதானா? அவளிடம் காட்டினேன். பார்த்துவிட்டு டிரம்மைத் தூக்கி மாட்டப் போய்விட்டாள். திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

ஞாயிறு காலை அவள் ஓட்டினாள். இடப்பக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைப் பெருங்களத்தூர் வரை மிதித்துக்கொண்டே வந்தேன். லாரிகள் அவளை ஒன்றும் செய்யவில்லை. வண்டலூர் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினாள்.

"புது ஸ்டட். கொஞ்சம் ஓடினதும் நட்டை ஒரு தடவை பாக்கணும்."

ஸ்பேனரோடு இறங்கினேன். முதல் நட்டில் மாட்டியதும் கால் தானாக மேலே எழுந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏங்க, கையால."

கையால் முறுக்கினேன். ஒன்று மட்டும் இம்மி நகர்ந்தது. மற்ற மூன்றும் அசையவில்லை. ஸ்பேனரை டிக்கியில் போட்டுவிட்டு, பழக்கத்தில் வலப்பக்கக் கதவுக்கு நடந்தேன். கதவுக் கண்ணாடி இறங்கியது.

"அந்தப் பக்கம். நேரமாவுது, சத்யா வாசல்லயே நிப்பா."

சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கக் கை போனது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் கியர் போட்டாள்.