பன்னிரண்டு மணிக் குயில்

ராஜசிங் பொய் பேசுகிற ஆள் இல்லை. குயில் விஷயத்தில் மட்டும் பேசிவிட்டார். சவூதியில் நர்ஸாக இருக்கும் பெண்சாதி பியூலா ஞாயிறுதோறும் போன் போட்டு, "நம்ம குயில் கடிகாரம் கூவுதா?" என்று கேட்பாள். "கூவாம என்ன" என்பார். அது ஊமையாகி எட்டு மாதம் ஆகியிருந்தது.

மிஷன் ஆஸ்பத்திரி ஜெர்மன் டாக்டரம்மா ஊர் திரும்பும்போது பியூலாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன கடிகாரம்; மணியடிப்பதற்குப் பதில் ஒரு மரக்குயில் வெளியே வந்து அத்தனை தரம் கூவும். போன வாரம் அவள், "இங்க ஆஸ்பத்திரில இன்னும் ரெண்டு வருச வேலைக்குக் கையெழுத்துக் கேக்காக. எனக்கு மனசே ஓடல. அடுத்த ஞாயிறு நம்மூரு பன்னெண்டு மணிக்குப் போடுதேன், குயில் சத்தத்தக் கேக்க வைங்க" என்று சொல்லிவிட்டாள்.

ராஜசிங்குக்கு ஆசை மூண்டது. வீட்டுச் சத்தம் காதில் விழுந்தால் எந்தக் கையெழுத்தும் அவளைப் பிடித்து வைக்காது, ஓடி வந்துவிடுவாள். இரண்டு வருடம் தனியாக ஆக்கித் தின்றவருக்கு அந்த நினைப்பே இனித்தது.

சனிக்கிழமை பெட்டியைத் திறந்தார். சக்கரங்களெல்லாம் நன்றாகத்தான் இருந்தன. காற்று ஊதிக் குயிலைக் கூவவைக்கும் இரண்டு சின்னத் துருத்திகளின் தாள் மடிப்போடு கிழிந்திருந்தது. தாள் ஒட்டுவதா பெரிய காரியம்? ஆமத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் இருபது வருடமாக வெடிக்குக் குழாய் சுற்றிய கை. மைதாப் பசை காய்ச்சி, பழக்கதோஷத்தில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டார். காய்ந்ததும் துருத்தி கல்லாகிவிட்டது. மணி ஆனதும் குயில் வெளியே வந்து வாயைத் திறந்தது, சத்தத்தைக் காணோம். ஊருக்கெல்லாம் வெடி சுற்றியவர் வீட்டுக் குயில் புஸ்வாணமாகிப் போனது.

வெட்கத்தோடு எல்லாவற்றையும் நனைத்து உரித்தார். வெடிக்குத்தான் இறுக்கம் வேண்டும், குயிலுக்கு ஆகாது என்று அப்புறம்தான் உறைத்தது. திரி சுற்றும் மெல்லிய தாளை ஒற்றையாக மடித்து, ஓரத்தில் மட்டும் பசை தொட்டு ஒட்டினார். ஞாயிறு கோயிலுக்குக்கூடப் போகாமல் கடிகாரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்குக் குயில் கூவியது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் இருக்கப் போன் வந்தது. செல்லைக் குயிலுக்கு நேரே பிடித்தார். பன்னிரண்டும் கூவி முடிந்ததும் காதில் வைத்தால், அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. வந்துவிடுவாள் என்று மனம் துள்ளியது.

"நம்ம வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்த மாரி இருந்துச்சுங்க" என்றாள் பியூலா. "இது போதும். வாராவாரம் இப்படிக் கேக்க வச்சீகன்னா, இன்னும் ரெண்டு வருசத்த ஓட்டிருவேன். நாளைக்கே கையெழுத்துப் போட்டிருதேன்."

ராஜசிங் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். வா என்று தன் வாயால் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போதும் அந்தச் சொல் வரவில்லை.

"சரி பிள்ள" என்றார். "அடுத்த வாரமும் பன்னெண்டுக்கே போடு."