மூணேகாலுக்கு மறையும் பெட்டி

நெல்லித்தோப்பில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த இன்டர்நெட் கம்பெனி. அன்புசெல்வி அங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. ஊர் முழுக்க மாடிகளிலும் கம்பங்களிலும் அவர்கள் மாட்டியிருந்த இணைப்புப் பெட்டிகள் நூற்றுப் பன்னிரண்டு. அதில் எது படுத்தாலும் முதலில் தெரிவது வாடிக்கையாளருக்குத்தான். அவர் போனில் கத்தி முடித்த பிறகே ஆபீசுக்குத் தெரியும்.

"இனிமே அவங்க சொல்லி நாம தெரிஞ்சிக்கக் கூடாதும்மா," என்று முதலாளி பலராமன் ஒரு கண்காணிப்பு மென்பொருளை வாங்கி, அதை அமைக்கிற வேலையை அவள் தலையில் கட்டினார்.

அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் பதிய வேண்டும். அதனிடம் என்னென்ன கேட்க வேண்டும், எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும் என்று குறிக்க வேண்டும். உயிரோடு இருக்கிறதா, எவ்வளவு தரவு ஓடுகிறது, உடம்பு எவ்வளவு சூடு, அவ்வளவுதான். முதல் நாள் ஆசை மிகுந்து எல்லாப் பெட்டிகளையும் ஒரே நொடியில், நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்கும்படி வைத்துவிட்டாள். பழைய பெட்டிகள் திணறி, திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. பிறகு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை என்று மாற்றி, பத்துப் பத்தாகப் பிரித்து, சில நொடி இடைவெளி விட்டுக் கேட்க வைத்தாள். சிவப்பு ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பியது.

ஒரு வாரத்தில் திரையில் பெட்டிக்கு ஒன்றாகத் தரவுக் கோடுகள் வளர்ந்தன. தேங்காய்த்திட்டுக் கோடு விடியும் முன்பே, மீன் ஏலத்தோடு, சட்டென்று எழுந்தது. சேதராப்பட்டு ஃபேக்டரிகளின் கோடு ஷிப்டு மாறும்போது தொய்ந்து, திரும்ப நிமிர்ந்தது. மத்தியானம் ஊரே சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் எல்லாக் கோடுகளும் மெல்லத் தாழ்ந்தன. மின்விசிறிக் காற்றில், டீ ஆறுவது தெரியாமல், அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து ஊரைப் பார்க்கிற மாதிரி இருக்கும். யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. ஊர் மூச்சு விடுவது மட்டும் தெரியும்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் துய்மா வீதியின் கோட்டில் ஓட்டை தென்பட்டது. தினம் மூணேகாலுக்குக் கோடு அறுந்து, நாலு மணிக்குத் திரும்ப ஒட்டிக்கொண்டது. சனி, ஞாயிறு மட்டும் ஓட்டை இல்லை.

"கரன்ட் போவுதா இருக்கும்," என்றார் பலராமன்.

"அதே தெருவுல இன்னொரு பெட்டி நல்லாதான் இருக்குது சார்."

"அந்தப் பெட்டி இருக்கற வீட்டுப் பொண்ணு ஃபிரான்ஸ்லேர்ந்து மெயில் போட்டுருக்குது. அப்பாவுக்குப் போன் பண்ணா லைனே கெடைக்கலியாம். போய்ப் பாத்துட்டு வந்துடு."

அது கஸ்தோன் என்கிற பழைய சொல்தாவின் வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். இலவச இணைப்புக்குப் பதிலாக மாடியில் பெட்டி வைக்க இடம் கொடுத்திருந்தார். அக்கம்பக்கத்தில் முப்பது வீடுகளுக்கு அதிலிருந்துதான் இணைப்பு. மாடிக்குத் தெருப்பக்கமாகவே படி இருந்ததால் அன்புசெல்வி நேரே ஏறிவிட்டாள்.

மேலே வெயில் வெள்ளையாகக் கொட்டியது. எதிர்வீட்டு ஓடுகளுக்கு அப்பால் கடல் ஒரு நீண்ட பளபளப்பாகக் கிடந்தது. பெட்டியின் நிழலில் குந்தி, லேப்டாப்பை மாட்டிச் சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. காற்றும் கடல் இரைச்சலும் சேர்ந்து கண்ணைச் செருக வைத்தன.

உள்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கட்டம் போட்ட கைலியும் தேய்த்த வெள்ளைச் சட்டையுமாக ஒரு பெரியவர் மேலே வந்தார். அவளைக் கவனிக்காமலேயே படிக்கட்டுச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது.

"முசே!" என்றாள் அவள், அந்தத் தெருவில் பெரியவர்களைக் கூப்பிடுகிற வழக்கப்படி.

அவர் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினார். திருட்டுத்தனம் பிடிபட்ட முகம்.

"யாரும்மா நீ?"

"இன்டர்நெட் ஆபீஸ். தினம் நீங்கதான் அணைக்கிறீங்களா?"

அவள் லேப்டாப்பைத் திருப்பி, அறுந்தறுந்து கிடந்த கோட்டைக் காட்டினாள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் தெரியுதா இதுல?"

"பெட்டி இருக்குதா இல்லியான்னு தெரியும். ஏன்னு தெரியாது."

கஸ்தோன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். "மூணரைக்கு எம் பொண்ணு ழனெத் கூப்பிடுவா. அங்க அவளுக்கு ஆபீஸ் சாப்பாட்டு நேரம். முன்னெல்லாம் லோராதான் பேசுவா, எம் மனைவி. ஒரு மணி நேரம் பேசுவா. நான் ஓரமா உக்காந்து கேட்டுக்கினு இருப்பேன். கடைசியில ழனெத் 'சா வா, பப்பா?'ன்னு சௌக்கியம் கேப்பா, நானும் 'சா வா'ன்னுவேன். அவ்ளோதான். நவம்பர்ல லோரா போயிட்டா. இப்ப ழனெத் என் மூஞ்சியப் பாக்கறா, நான் அவ மூஞ்சியப் பாக்கறேன். என்ன சாப்ட்டீங்கன்னு கேக்கறா. அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வரல. அவ கண்ணு கலங்கிடுது. நெட்டு இல்லன்னா அவளுக்கும் கஷ்டம் இல்ல பாரு."

அன்புசெல்வி முப்பது வீடு என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டாள்.

"எங்கப்பாவும் பேச மாட்டாரு," என்றாள். "மீன் புடிக்கப் போட்டுல போறவரு. டவர் கெடைக்கற தூரம் வரைக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, கட் பண்ணாம எஞ்சின் மேடையில வச்சிடுவாரு. எங்கம்மா அந்தச் சத்தத்தக் கேட்டுக்கினே மீன் அரிவாங்க."

"பேசவே மாட்டாரா?"

"ஒரு வார்த்தை பேச மாட்டாரு."

அவர் சிரித்தார். பிறகு கடலைப் பார்த்தபடி நின்றார்.

"ஒண்ணு சொல்றேன் முசே," என்றாள் அவள். "இந்தப் பெட்டிய அணைச்சா தெருவுல முப்பது வீட்டுக்கு நெட்டு போயிடுது. வேணும்னா கீழ உங்க வீட்டுல இருக்கற சின்னப் பெட்டிய அணைங்க. வீட்டுக்குள்ள இருக்கறத நான் கேக்கறதில்ல. நீங்க அணைச்சீங்களா வச்சீங்களான்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"முப்பது வீடா!" அவர் முகம் சிவந்துபோயிற்று. "பார்தோன், மன்னிச்சிக்கம்மா, எனக்குத் தெரியாது." அவசரமாகக் குனிந்து பிளக்கைச் செருகினார். விளக்கு இரண்டு முறை மினுக்கி நின்று எரிந்தது.

அவர் கீழே இறங்கப் போனார். சின்னப் பெட்டியை அணைக்கத்தான் போகிறார் என்று அவள் நினைத்தாள். இரண்டாவது படியிலேயே சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏழெட்டு முறை அடித்திருக்கும். கடைசியில் விரலால் தொட்டார். ஆனால் முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை. போனைத் திருப்பிக் கடலைக் காட்டினார்.

காகம் கரைந்தது. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது.

"பப்பா?" என்றது ஒரு குரல். "மாடியிலயா இருக்கீங்க?"

"ம்."

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. அங்கதான... ஐயோ, எதிர்வீட்டுக்கு எப்ப பச்சை அடிச்சாங்க?"

"போன மாசம்," என்றார் கஸ்தோன். "கண்றாவி கலரு. உங்கம்மா இருந்தா சண்டைக்கே போயிருப்பா."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. நடுவில் அது அழுகையாயிற்று, மறுபடி சிரிப்பாயிற்று. அவர் போனைத் தாழ்த்தவில்லை. கைப்பிடிச் சுவரோரமாக மெல்ல நடந்து ஒவ்வொரு மாடியாகக் காட்டிக்கொண்டே போனார். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் பிள்ளைக்குக் கல்யாணம், எந்த நாய் செத்துப்போயிற்று என்று வார்த்தைகள் ஒவ்வொன்றாக, பின்னால் தள்ளுகிறவர் யாரும் இல்லாமலே வந்தன.

அன்புசெல்வி லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள். பழுது என்ன என்று எழுத வேண்டிய இடத்தில், 'பிளக் தளர்வு, சரிசெய்யப்பட்டது' என்று போனிலேயே தட்டி அனுப்பினாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. அவளும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கினாள்.

தெருவில் நிழலே இல்லை. ஸ்கூட்டி சீட் கொதித்தது. உடனே ஆபீசுக்குத் திரும்ப மனசில்லாமல், வண்டியைத் தள்ளிக்கொண்டே கடற்கரைச் சாலை வரை நடந்தாள்.