முகத்தில் முப்பத்துமூன்று

ஸ்டோர் ரூம் மேசையில் இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள். ஒன்றின் முகத்தில் வேகத்தைச் சொல்லும் எண் பச்சையாக 66, மற்றதில் 33. தேயிலை காயவைக்கும் டிரையரின் சூட்டைக் கவனிக்கிற சர்க்யூட் அட்டை இந்தக் கிழட்டு மெஷின்களில்தான் பொருந்தும். ஃபெக்டரியில் இருந்தது போன கிழமை மண்டையைப் போட்டுவிட்டது. இவற்றில் ஒன்று அங்கே போகவேண்டும், மற்றது வாசலில் நிற்கும் பழைய இரும்பு வாங்குபவனின் லொறிக்கு.

கோபிகாவுக்கு எஸ்டேட் ஆபீஸில் இது மூன்றாவது மாதம். வெள்ளிக்கிழமை பெரிய கிளாக்கர் சிவம் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் அம்மாவோடு கொழுந்து பறிக்க மலைக்கு. தெரிந்துதான் வாயைத் திறந்தாள்.

"சேர், முப்பத்திமூணத்தான் அனுப்பணும். அதுதான் வேகம். மத்ததுல சூடு தெரியிறதுக்குள்ள தேயிலை கருகிப் போயிரும்."

"பிள்ளை, கண் தெரியேல்லையோ? முன்னுக்கே அறுபத்தாறு எண்டு போட்டுக் கிடக்கு."

"அது மெஷின் அளந்து சொல்ற நம்பர் இல்லீங்க. நம்பர் பலகைக்குப் பின்னால இருக்கிற குட்டி ஊசிய மாத்திக் குத்தினா எந்த நம்பரும் வரும்."

இரண்டு மூடிகளையும் கழற்றிக் காட்டினாள். 66-இன் சிப்பில் அதன் உண்மையான வேகம் 25 என்று அச்சடித்திருந்தது. 33-இல் யாரோ பிற்காலத்தில் நூறு வேகச் சிப் மாட்டியிருக்கிறார்கள். முகத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம், நூறை எங்கே போடுவது? பழையபடியே விட்டுவிட்டார்கள். சிவம் குனிந்துகூடப் பார்க்கவில்லை. 66-ஐ இரத்தினபுரியில் தேடி வாங்கியவரே அவர்தான்.

இரண்டுக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தாள். 33 பதினொரு செக்கனில் முடித்துவிட்டது. 66 முக்கிக்கொண்டே இருந்தது. சிவம் மூன்று தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, அதையே கொண்டு போ. ஆனா முன்னுக்கு நம்பரை மாத்து. துரை வந்து பாத்தா வெட்கக்கேடு."

அரை நிமிட வேலை. 99 என்றே போட்டுவிடலாம். ஆனால் அவளுக்கு மனசு கொதித்தது. மூன்று மாதத்தில் இந்த ஆபீஸில் ஒருவர்கூட அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொழிலாளர் லயத்துப் பிள்ளை, அவ்வளவுதான். முகத்தில் ஒட்டியதைப் பார்த்தே எடை போடுகிறவர்கள், உள்ளே இருப்பதைப் பார்ப்பதில்லை.

"மாத்த மாட்டேங்க, சேர்."

"வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கோ?"

"நல்லாவே இருக்குங்க."

66-ஐ அவளே தூக்கிப்போய் லொறியில் வைத்தாள். பிறகு மற்றதை ஃபெக்டரிக்குச் சுமந்துபோய், அட்டையைச் செருகி, டிரையரை ஓடவிட்டாள். கொஞ்ச நேரத்திலேயே மெஷினின் முகமெல்லாம் தேயிலைத் தூள். துப்பட்டா நுனியால் அழுத்தித் துடைத்தாள். எல்லோரும் பார்க்கிற மாதிரி, பச்சையாக, 33.