ப்ளாசிடாவின் பெயரில் ஒரு ஒப்பாரி

இறந்துபோன மார்சியானோவின் வீட்டு வாசலில் கட்டை எரிந்துகொண்டிருந்தது. அடக்கம் முடியும்வரை அது அணையக் கூடாது. ரெமிஹியா அதைத் தாண்டி உள்ளே போனதும், சவப்பெட்டியருகே உட்கார்ந்திருந்த அவன் மனைவி ப்ளாசிடா கரகரத்த குரலில் கூப்பிட்டாள்.

"வா மனாங். அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு. எனக்குப் பதிலா நீ பாடிடு."

தன்னைவிட மூத்தவளை 'மனாங்' என்றுதான் கூப்பிடுவார்கள். பிலிப்பைன்ஸின் இலோகோஸ் பக்கம் ஒப்பாரி சொந்தக்காரர்களுக்கு உரியது. அவர்கள் கேட்டால்தான் வெளியாள் பாடலாம்; கேட்டவளாகவே மாறிப் பாட வேண்டும். ஊரில் எத்தனையோ பேருக்குத் தாயாகவும் மகளாகவும் அழுதவள் ரெமிஹியா. கல்யாணமே செய்துகொள்ளாதவள். மார்சியானோமேல் அவள் வைத்திருந்த ஆசை ஒருவருக்கும் தெரியாது. அவனுக்குப் பாடக் கூப்பிடுவார்களா என்று தன் வீட்டுக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள்; ஆள் வந்ததும் கிளம்பிவிட்டாள். பாடாமல் அவனை அனுப்ப முடியாது. பாடும்போது மாட்டிக்கொள்ளவும் கூடாது.

"எதையெல்லாம் சொல்லணும்?"

"மாடு செத்தப்ப சாப்பிடாம கெடந்தாரே, அது. மூத்தவனைத் தோள்ல தூக்கிட்டு வெள்ளத்துல நடந்தது. குடிச்சதையும் சொல்லு, விட்டுடாத."

ரெமிஹியா கறுப்பு முக்காட்டை முகம் மறைய இழுத்துக்கொண்டு, "என் புருஷனே" என்று தொடங்கினாள். அந்த வார்த்தையை அவனைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. மாடு வந்தது, வெள்ளம் வந்தது. கரும்புச் சாராயம் வந்தபோது, பிணத்துக்குக் காவலாக விழித்திருந்து சீட்டாடிக்கொண்டிருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். அப்புறம், யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்று வாயில் வந்துவிட்டது.

"புகையிலைக் கொட்டாயில மழைக்கு ஒதுங்குனோமே,
இடி இடிக்க இடிக்க என் காதைப் பொத்துனியே,
இனிமே யாரு பொத்துவா?"

சீட்டு விழும் சத்தம் நின்றது. பக்கத்து வீட்டு உர்சுலா கேட்டாள்: "ஏண்டி ப்ளாசிடா, புயல்ல கூரைமேல ஏறி ஓலை கட்டுறவ நீ. ஒனக்கா இடின்னா பயம்?"

ரெமிஹியா பெட்டிமேல் இன்னும் குனிந்துகொண்டாள்.

"அப்ப சின்னப் பொண்ணு, பயந்தேன்" என்றாள் ப்ளாசிடா. "நீ சீட்டைப் பாத்துப் போடு. உன் புருஷன் உன் காதைத் திருகுனதோட சரி."

சிரிப்பு எழுந்தது. ஆட்டம் தொடர்ந்தது.

ப்ளாசிடா எழுந்து வந்து, பெட்டிமேல் குனிந்திருந்தவளின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "பெட்டிக் கண்ணாடிமேல கண்ணீர் படக் கூடாது, மனாங். அவரு நிம்மதியாப் போகணும்." குரலைத் தாழ்த்தினாள். "கொட்டாய் விஷயம் எனக்குத் தெரியாது. வேற எதாவது இருந்தா அதையும் பாடிடு. நாளைக்கு மண்ணுக்குள்ள போயிடுவாரு."

ரெமிஹியா நினைவில் தேடிப் பார்த்தாள்.

"வேற ஒண்ணும் இல்ல. அந்த ஒரு மழைதான். அடுத்த மாசம் ஒன்னைக் கட்டிக்கிட்டாரு."

 ப்ளாசிடா தன் முக்காட்டின் நுனியால் ரெமிஹியாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அப்ப அதையே இன்னொரு தடவை பாடு."