மெசேஜ் வந்துச்சே

"எடுக்கலியே பாப்பா," என்று மலையடிவாரத்து சார்ஜிங் ஸ்டேஷன் முனியன் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்.

பிரபாவதிக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. காருக்கு சார்ஜ் ஏறிவிட்டது, பணம் கட்டினால் கிளம்பலாம். அண்ணன் குமரேசன் ரயிலை விட்டு இறங்கி அரக்கோணத்தில் நிற்கிறான். அவன் வந்தால்தான் நைனாவின் உடலை எடுப்பார்கள். அவளுடைய போனோ, காலையில் அழுத அழுகையில் வீட்டிலேயே கிடக்கிறது.

"ரொக்கமா வாங்கிக்கங்கண்ணா."

"இங்க கார்டுதான் பாப்பா. உங்க நைனா கார்டு வண்டிலயே இருக்கும் பாரு. கண்ணாடிக்கு மேல சொருகி வச்சிருப்பாரு."

இருந்தது. முனியன் அதை வாங்கித் துண்டில் துடைத்தார்.

"மெஷின்ல தட்டினதும் இன்னா சொல்வாரு தெரியுமா? 'ஆங், ரத்தினத்துக்கு மெசேஜ் பூடுச்சு. இப்ப டீ வச்சிருவா.' டெய்லி இதே பாட்டுதான்."

நைனா ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். "ரயிலே கரண்ட்டுல ஓடுது, கார் ஓடாதா?" என்று அம்மாவோடு மல்லுக்கு நின்று வாங்கிய வண்டி இது. அவர் போன் மாதத்துக்கு ஒன்று தொலையும் என்பதால் பேங்கில் அம்மா நம்பரைத்தான் கொடுத்திருந்தார். மெசேஜ் வந்தால் ஆள் மலையடிவாரத்தில் இருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று அம்மாவுக்குக் கணக்கு.

முனியன் கார்டைத் தட்டினார். மெஷின் கீச்சென்றது. அதே துண்டால் அவர் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

அரக்கோணம் போகும் வழியெல்லாம் அவளுக்கு அம்மா நினைப்புதான். விடியற்காலையில் நைனாவுக்கு மூச்சு நின்றதிலிருந்து அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிக்கொண்டு அழுதவர்களையெல்லாம் மரம் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே இருந்துவிடுவாளோ என்று பிரபாவதிக்குப் பயமாக இருந்தது.

அண்ணனோடு வீட்டு வாசலில் இறங்கியதுமே அத்தை மணியம்மையின் சத்தம் கேட்டது.

"பொணம் கூடத்துல கெடக்குது, அடுப்பு பத்த வச்சிருக்காளே! எடுக்கறதுக்கு முன்னாடி எந்த ஊட்லயாவது உலை ஏறுமா? நான் அந்தாண்ட திரும்பறதுக்குள்ள..."

அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் போன், மறு கையில் நைனாவின் டம்ளர்.

"மெசேஜ் வந்துச்சே," என்றாள். "வந்து எம்மா நேரமாவுது. டீ ஆறிப்போச்சு. இன்னும் வரல பாரேன் உங்க நைனா."

ஐயோ, எப்படி மறந்தேன் என்று பிரபாவதி தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தாம்மா தட்டினேன். என் கார்டு எடுக்கல..."

"தெரியும்டி," என்றாள் அம்மா. "தெரிஞ்சிதான் வச்சேன்."

அப்போதுதான் அவளுக்கு உதடு கோணியது. குமரேசன் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள, அவன் தோளில் முகத்தைப் புதைத்து அம்மா ஓவென்று அழுதாள். மணியம்மையும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

டம்ளர் பிரபாவதி கைக்கு வந்திருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது. கொட்ட மனசு வராமல் ஒரு வாய் குடித்தாள்.

சர்க்கரை நோய் என்று ஆனதிலிருந்து நைனா நாளெல்லாம் கெஞ்சுவார், "ஒரே ஒரு ஸ்பூன் ரத்தினம்." அம்மா மசிந்ததே இல்லை. டப்பாவை ஒளித்து வைத்துவிடுவாள்.

டீ பாயசமாக இனித்தது.