மின்னாத மஞ்சள் கோட்டு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேன் ஓட்டுகிறவனுக்கு அன்று காலையிலேயே முகம் கடுகடுவென்று இருந்தது. காரணம் அவனுடைய அண்ணி. அதே சலவைக்கூடத்தில் இஸ்திரி உருளையில் நிற்கிறவள். இருட்டோடு சைக்கிளில் வேலைக்கு வரும் பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒட்டிய மஞ்சள் கோட்டு போட்டு வந்தார்கள். அண்ணியும் கொஞ்ச நாள் போட்டாள். பிறகு மாட்டேன் என்றுவிட்டாள். இரண்டு எச்சரிக்கை ஆகிவிட்டது. பத்து மணிக்கு மூன்றாவது. அத்தோடு வேலை போய்விடும்.

கோட்டு வந்ததே அவனால்தான். ஒரு விடியற்காலை கேட்டுக்குள் வேனைத் திருப்பும்போது சைக்கிள்காரர் ஒருவர் மயிரிழையில் தப்பினார். வேனை நிறுத்தியதுமே மேலாளரம்மாவிடம் ஓடிப்போய் எல்லாருக்கும் வாங்க வைத்தான். சொந்த அண்ணியே போடாவிட்டால் ஊர் சிரிக்காதா?

“ஏன் அண்ணி மானத்தை வாங்குறீங்க? மஞ்சள் உங்களுக்குப் பொருந்தலையா?”

“கழுதைக்குப் போட்டாலும் பொருந்தும் தம்பி. நீங்க போட்டுப் பாருங்க, அம்சமா இருக்கும்.”

“அப்புறம் என்ன வீம்பு?”

“அது செத்துப்போச்சு. போன மாசமே சொன்னேன். யாரு காதுல விழுந்துச்சு?”

பத்து மணிக்கு அதையேதான் மேலாளரம்மாவிடமும் சொன்னாள். “அஞ்சு நிமிஷம் துணி ரூமுக்கு வாங்கம்மா, தம்பியும் வரட்டும். அங்க ஜன்னல் கிடையாது. உங்க பீரோவுல பிரிக்காம ஒரு கோட்டு இருக்கே, அதையும் எடுத்துக்கங்க.”

பன்னிரண்டு கோட்டுகளையும் அலமாரிக் கம்பியில் வரிசையாக மாட்டி வைத்திருந்தாள். புதியதைக் கடைசியில் மாட்டினாள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை அவன் கையில் கொடுத்தாள். “கண்ணுக்குப் பக்கத்துல பிடிங்க. வண்டி ஓட்டுறவன் அப்படித்தான் பார்ப்பான்.”

புதியது பளீரென்று கண்ணைக் குத்தியது. மற்ற பன்னிரண்டும் அடுப்புச் சாம்பல் மாதிரி மங்கித் தொங்கின.

சலவைக்காரர்களுக்கு அழுக்கைக் கண்டால் கை அரிக்கும். தினமும் கோட்டைக் கழற்றி, விரிப்புகளோடு கொதிதண்ணீரிலும் பிளீச்சிலும் போட்டு எடுத்திருக்கிறார்கள்.

“அதுக்கு மேல சூட்டு உருளையில விட்டது நான்தான்” என்றாள் அண்ணி. “மடிப்பு அழகா இருக்கட்டும்னு விட்டேன். கெடுத்ததுல என் பங்குதான் பெரிசு.”

“அதுக்காக போடாம வர்றதா?” என்றார் மேலாளரம்மா.

“மின்னுற கோட்டு குடுங்க, தூங்கும்போதுகூட போட்டுக்கறேன். இதைப் போட்டா எல்லாருக்கும் தெரியறோம்னு நினைச்சு நடுரோட்டுல வருவேன். அப்படி வந்த அன்னைக்குத்தான் கேட்டுக்கிட்ட ஒரு வண்டி ஹேண்டில்பாரை உரசிட்டுப் போச்சு. அப்பவும் கோட்டு என் மேலதான் கெடந்துச்சு.”

“யாரோட வண்டி?”

“இருட்டுல என்னத்தைக் கண்டேன்.”

அந்த நேரத்தில் அந்தக் கேட்டில் திரும்புவது ஒரே ஒரு வண்டிதான். கோட்டு வந்த நாளிலிருந்து அவன் கேட்டருகே வேகத்தைக் குறைப்பதில்லை. எதிரே ஏதாவது மின்னுகிறதா என்று மட்டும் பார்ப்பான். மின்னவில்லையென்றால் ஆள் இல்லை. யாரை உரசினோம் என்றுகூடத் தெரியாமல் போயிருக்கிறான். அவள் அதை ஒரு மாதமாக மனசில் வைத்துக்கொண்டு, தன் வேலை போகிற இடத்தில் நின்றும் அவன் பெயரைச் சொல்லவில்லை. தைரியம் என்றால் சத்தம் போடுவது என்றே அதுவரை அவன் நினைத்திருந்தான்.

“என் வண்டிதாம்மா” என்றான்.

மேலாளரம்மா விளக்கைப் போட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அங்கேயே மேசையில் உட்கார்ந்து எழுதினார். புதுக் கோட்டு பன்னிரண்டு. பச்சைத் தண்ணீரில் கையால் அலசவேண்டும், இஸ்திரி கூடாது. கேட்டருகே வேன் நின்று பார்த்துத்தான் திரும்ப வேண்டும். அண்ணியின் எச்சரிக்கை இரண்டும் ரத்து. வேன்காரனுக்கு ஒன்று.

அவன் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்ததும், “ஏன் அண்ணி என்கிட்ட சொல்லலை?” என்று கேட்டான்.

“சொன்னா வண்டியை விட்டுட்டு வீட்டுல குப்புறப் படுத்துடுவீங்க. அப்புறம் உங்களுக்கும் சேர்த்து யாரு சோறு போடுறது?” அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். “ஒண்ணுதானே விழுந்திருக்கு. எனக்கு ரெண்டு இருந்துச்சு, நான் அழுதேனா?”