சாக்லேட் சொம்பும் தோரோராய்ப் பறவையும்

தன்னைவிடப் பெரிய மடையன் அந்த மலையில் கிடையாது என்பது அபெலார்தோவுக்கு எப்போதோ தெரியும். அதைக் கையில் மண்புழுவோடு நிரூபிப்போம் என்றுதான் நினைக்கவில்லை.

தோரோராய் மூங்கில் புதருக்குள் தரையிலேயே நடமாடும் பறவை. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும், உடம்பு உருண்டை, கால் மட்டும் நெட்டை. குரல் கேட்கும், ஆள் தென்படாது. விசிலடித்துப் புழு காட்டி அதை வெளியே வரவழைப்பவனுக்கு ஊரில் தனி மரியாதை. பக்கத்துத் தோட்டத்துக்காரன் பழக்கிவிட்டான். அபெலார்தோ விடுவானா? மாதக்கணக்கில் விடியலில் எழுந்து விசிலடித்தான். பறவை வரவில்லை, பெண்டாட்டிதான் போனாள்.

இஸ்மேனியா தினமும் குடிக்கச் சாக்லேட் காய்ச்சும் சொம்பில் அவன் புழுக்களைக் கழுவியதுதான் காரணம். "கழுவத்தானே செஞ்சேன், சமைக்கலையே" என்று சமாதானம் வேறு சொன்னான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் இல்லாத வீடு அவனுக்குப் பிடிக்கவே இல்லை. சுட்ட அரேபா ரொட்டியெல்லாம் கருகியது. போய்க் கூப்பிட வெட்கம். பறவை வந்துவிட்டால் அதைச் சாக்காக வைத்துப் போகலாம் என்று ஒரு நப்பாசை. பெண்டாட்டியை அழைக்கப் பறவையின் சிபாரிசுக்குக் காத்திருந்த வீரன் அவன்.

அன்று காலை பனிமூட்டத்தில் விசிலடித்தான். ஓடைப் பக்கமிருந்து பதில் வந்தது. மறுபடி அடித்தான். பதில் இன்னும் கிட்டத்தில் கேட்டது. குரலைத் தணித்துக் கொஞ்சினான்.

"வாடி என் தங்கம், பயப்படாத. உனக்காகத்தான் தெனம் காத்துக் கெடக்கேன்."

பனிக்குள்ளிருந்து பையோடு வந்தது இஸ்மேனியா. அந்த மலையில் பிறந்த யாருக்குத்தான் அந்த விசில் வராது? அது இந்த மடையனுக்கு உறைத்தால்தானே.

"என்னை ஒரு நாளாவது தங்கம்னு கூப்பிட்டிருக்கீங்களா?"

"இப்பக் கூப்பிட்டது உன்னைத்தான்."

"புளுகாதீங்க." அவள் முகம் இளகியிருந்தது. "சரி, வீட்டுக்குப் போலாம். அந்தச் சொம்பை நல்லா வெந்நீர் ஊத்தித் தேய்ச்சு வச்சிருக்கீங்கல்ல?"

"பளபளன்னு வச்சிருக்கேன்."

சொம்பு அவன் முதுகுக்குப் பின்னால், கையில்தான் இருந்தது. உள்ளே புழுக்கள் நெளிந்தன. மெல்லக் குனிந்து காலுக்குப் பின்னால் வைத்தான்.

டங்.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லையே."

டங், டங். தோரோராய் சொம்புக்குள் தலையை விட்டுச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. இத்தனை மாதம் வா வா என்று கெஞ்சியவன் இப்போது போ போ என்று மனதுக்குள் கும்பிட்டான்.

இஸ்மேனியா சுற்றி வந்து பார்த்தாள்.  பிறகு பையைக் கீழே வைத்து, ஈரப் புல்லிலேயே உட்கார்ந்தாள்.

"சொம்பு அதுக்கே இருக்கட்டும். நீங்க போய் எனக்குப் புதுசு வாங்கிட்டு வாங்க. சத்தம் போடாம நடங்க."

அபெலார்தோ கடைக்கு நடந்தான். திரும்பி வந்துவிட்டாள், அது போதும் அவனுக்கு. வளைவு தாண்டும்போது பின்னால் அவள் குரல் கேட்டது.

"வா என் தங்கம்."

ஆசையாகத் திரும்பிப் பார்த்தான். அவள் பறவைக்குப் புழு நீட்டிக்கொண்டிருந்தாள்.